மிடிவெர்ப் 2: பெடல் அடாப்டரில் ஏன் ஓடவில்லை

அடாப்டரை மாற்றுங்கள். அலெசிஸ் மிடிவெர்ப் 2, அதாவது ஒலிக்கு எதிரொலி போன்ற எஃபெக்டுகளைச் சேர்க்கும் இந்தப் பழைய பெட்டிக்கு, வேண்டியது 9 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்). நீங்கள் செருகிய கிட்டார் பெடல் அடாப்டர் தருவது டிசி (நேர்திசை மின்சாரம்). அதில் இது ஒழுங்காக ஓடாது.

1. அடாப்டரில் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அலை போன்ற குறி இருந்தால் ஏசி. நேர்கோடு என்றால் டிசி.

2. சரியான அடாப்டர் போட்டும் எழவில்லையா? மின்சாரம் செருகும் சாக்கெட்டின் சால்டரைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் அது விரிசல் விடும்.

அப்புறம், அந்த ஏசி அடாப்டரை மறந்தும் பெடலில் செருகாதீர்கள், பெடல் போய்விடும்.

மிடிவெர்ப்பைக் குப்பையில் மட்டும் போடாதீர்கள். எதையும் திருத்த முடியாத நிலையான எஃபெக்டுகள்தான், ஆனால் அந்த 'புளூம்' ஒலிகள், மெல்ல மலர்ந்து பரவுவது, எனக்கு இன்றைய பிளகின்களில் (கணினியில் ஓடும் எஃபெக்ட் மென்பொருள்களில்) கிடைக்கவில்லை.