நடுங்கும் கையோடு ஓவியம், எழுத்து, பாட்டு: பார்கின்சன் கேள்வி-பதில்

கேள்வி: நீர்வண்ண ஓவியம் வரைவேன். இப்போது தூரிகையை எடுத்தாலே கை ஆடுகிறது, தண்ணீர் கொட்டுகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பார்கின்சன் என்ற நரம்பு நோயில் வரும் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். வேலையில் இறங்கியதும் பலருக்குத் தணியும். தொல்லை தருவது, தூரிகையை அந்தரத்தில் பிடித்தபடி எங்கே வைப்பது என்று யோசிக்கும் சில வினாடிகள். அப்போது நடுக்கம் திரும்பிவிடும். ஆகவே கையை அந்தரத்தில் விடாதீர்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரத்தில் மேசை. முன்கை முழுதும் அதன்மேல். சாய்ந்த பலகையில் வரைபவர்கள், ஒரு முனையில் துணி சுற்றிய முக்கால் மீட்டர் கோலைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, மறுமுனையை மற்றொரு கையால் பிடித்து, வரையும் மணிக்கட்டை அதன்மேல் சாய்த்துக்கொள்ளலாம். நடுக்கமே இல்லாத ஓவியர்களும் காலங்காலமாகச் செய்வதுதான் இது.

காம்பு மெலிந்திருந்தால் விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், கை சீக்கிரம் களைத்துப்போகும். நுரைக்குழாய் மாட்டி 2.5 செ.மீ. அளவுக்குத் தடிமனாக்குங்கள். தாளின் நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். தண்ணீருக்கு அகலமான, கனமான கிண்ணம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், அடியில் ஈரத்துணி. ஏ4 தாளை விட்டு ஏ3-க்கு மாறுங்கள். சின்னத் தாள் விரல்களிடம் வேலை வாங்கும், பெரிய தாள் தோளிடம் வாங்கும். இந்த நோயில் முதலில் சிரமப்படுவது விரல்களின் நுண்வேலைதான்.

எண்ணெய் வண்ணத்துக்கு மாற நினைத்தால் ஒரு எச்சரிக்கை: பலருக்கு மோப்பம் மங்கியிருக்கும், நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கூட. டர்பன்டைன் ஆவி அறையில் நிறைந்தாலும் மூக்கு சொல்லாது. அக்ரிலிக் போதும்.

கேள்வி: எந்த நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்வது நல்லது?

மருந்து சொல்லும் நேரத்தில். பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை பலருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். அடுத்த வேளை நெருங்கும்போது வலு குறையும். ஒரு வாரம், மாத்திரை போட்ட நேரம், கை இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். உங்கள் நல்ல நேரம் அதிலேயே தெரியும். நுண்வேலையை அதில் வையுங்கள். வண்ணம் தேர்வது, தாளை டேப்பால் ஒட்டிவைப்பது போன்றவை மந்த நேரத்துக்கு. மருந்தின் உச்சத்தில் உடல் தானாக நெளிகிறவர்கள் அப்போது கத்தி, கத்தரிக்கோல் தொட வேண்டாம். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு மாத்திரை பிடிக்கத் தாமதமாகும். அளவையும் நேரத்தையும் மாற்றுவது மட்டும் மருத்துவர் வேலை.

கேள்வி: கவிதை எழுதுவேன். வரி போகப் போக எழுத்து எறும்பாகிவிடுகிறது.

பழகிய அசைவைத் தானாக ஓட்டும் மூளைப்பகுதி தளர்வதால் வருவது இது. கவனம் வைத்து எழுதினால் அளவு திரும்பும். 1.5 செ.மீ. இடைவெளியில் தடித்த கோடு போட்ட தாளில், மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் தொட்டு எழுதுங்கள். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை பேனாவைத் தூக்கி, தோளைத் தளர்த்தி, மறுபடி தொடங்குங்கள். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால், இடைவேளைக்கு நேரமாயிற்று என்று பொருள். எழுதும்போது பேச்சு வேண்டாம்; கவனம் பிரிந்தால் எழுத்துதான் முதலில் சுருங்கும். உருளைமுனைப் பேனாவை விட ஸ்கெட்ச் பேனா சுலபம். கை ஒத்துழைக்காத நாளில் போனில் குரல் தட்டச்சு. மைக்கை வாயருகே வையுங்கள், குரல் தணிந்திருந்தால் அது பாதியை விழுங்கிவிடும்.

கேள்வி: மாத்திரை மாற்றிய பிறகு அப்பா இரவெல்லாம் வரைகிறார். வண்ணங்களாக வாங்கிக் குவிக்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார், விட்டுவிடலாமா?

இந்தத் தொகுப்பில் அவசரமான கேள்வி இதுதான். பார்கின்சனுக்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைத் தரும்: சூதாட்டம், கடை கடையாக வாங்குவது, ஓயாமல் தின்பது, அளவுமீறிய பாலுணர்வு. ஒரே வேலையைத் தூக்கமும் சாப்பாடும் மறந்து திரும்பத் திரும்பச் செய்வதும் இந்த வகை. பார்க்க ஆர்வம் போலவே இருக்கும். சோதிக்க ஒரு வழி: சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருகிறாரா, எரிந்து விழுகிறாரா? இரண்டாவது என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். எத்தனை மணி தூங்குகிறார், எவ்வளவு செலவாகிறது, எந்த மாத்திரை எப்போது கூடியது என்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் கடும் பதற்றமும் சோர்வும் வரலாம். "மருந்தைக் குறைத்தால் வரையவே முடியாமல் போகுமோ" என்ற பயத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தையும் மருத்துவரிடமே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா எதற்கும் "அப்புறம் பாக்கலாம்" என்கிறார்.

சோம்பல் இல்லை, தொடங்கும் உந்துதலே குறைவதும் நோயின் பகுதி. "என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பொருள்களை எடுத்துவைத்து, "இதுவா, அதுவா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் கோட்டை நீங்கள் போடுங்கள். பத்து நிமிடம் போதும். அழுகை, தூக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு.

கேள்வி: பாட்டு, நடனம்?

இரண்டும் நல்லது. தாளம் வெளியிலிருந்து வந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001-லேயே பார்கின்சன் உள்ளவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து நின்று ஆடுங்கள். பின்னோக்கி அடி வேண்டாம். ஒற்றைக் காலில் சுழலாமல், பல சிறு அடிகளாக அகலமாக வட்டமிட்டுத் திரும்புங்கள். உட்கார்ந்து எழும்போது தலை சுற்றினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாடும்போது நிமிர்ந்து உட்காருங்கள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் முன் மூச்சு இழுங்கள். அறையின் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்கும்படி பாடுங்கள்: உங்களுக்குக் கத்துவதாகத் தோன்றும், கேட்பவருக்கு அது சாதாரணக் குரல்.

கேள்வி: புகைப்படம் எல்லாம் கலங்கிப் போகிறது.

கேமராவை முக்காலியில் (டிரைபாட்) பொருத்தி 2 வினாடி டைமர் வையுங்கள். கையில் பிடித்தே எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/500 வினாடி அல்லது அதைவிட வேகமாக, முழங்கைகள் விலாவோடு ஒட்டி, தொடர்ச்சியாகப் பத்துப் படம். ஒன்றிரண்டாவது தெளிவாக விழும்.