ரெண்டு கரு வைக்கலாமா? செங்கோட்டைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, திருவனந்தபுரத்துல ஐவிஎஃப் (லேப்ல கரு உண்டாக்கி கர்ப்பப்பைல வைக்கிற சிகிச்சை), லேப்ல அஞ்சு நாள் வளர்ந்த கரு ரெண்டு நல்லா வந்திருக்கு, "ஒரே செலவுல ரெட்டைப் பிள்ளை"ன்னு மாமியார் ஆசைப்படுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. முப்பது வயசுகூட ஆகலையே, ஒண்ணு போதும்னுதான் நான் சொல்வேன். ரெட்டைப் பிள்ளைகள்ல பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துடும். தாய்க்கு பிரஷர், சுகர், ரத்தப்போக்கு அபாயமும் கூடும். நடுராத்திரி வலி எடுத்து, ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகள்ல ஆம்புலன்ஸ்ல போறதை நினைச்சாலே எனக்குப் பதறுது. இன்னொரு கரு குப்பைக்குப் போகாது. உறைய வச்சுக்கலாம், சட்டப்படி 10 வருஷம் வரைக்கும். இதை மாமியார்கிட்ட டாக்டர் வாயாலயே சொல்ல வையுங்க. ஒண்ணு வச்சாலும் அபூர்வமா ரெண்டாப் பிரியும். முதல் ஸ்கேன்லயே கேட்டுக்கோங்க. ஒப்புதல் படிவம் மலையாளத்துல இருந்தா, கரு எண்ணிக்கையை வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.