மதுரை ரோட்டுக்கு எத்தனை கிலோ ஸ்பிரிங்? காயில்ஓவர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காயில்ஓவர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும், பொதுவாக அதைச் சுற்றியே மாட்டிய ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட்) பற்றித்தான், அதனால் மற்றதை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். தினமும் திருமங்கலத்தில் இருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிறேன், எப்போதாவது கோவை கரி ரேஸ் ட்ராக். முன்பக்கத்துக்கு 4, 6, 10 கிலோ என்று மூன்று ஸ்பிரிங் சொல்கிறார்கள், விலை ஒன்றுதான். எதை எடுக்க?

நாலு. விலை ஒன்று என்பதால் பெரிய நம்பரை எடுத்தால் லாபம் என்று நினைக்க வேண்டாம்.

அந்த நம்பர், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பதைச் சொல்கிறது. உங்கள் காரில் முன்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 350 கிலோ உட்காரும், அதில் சக்கரம், பிரேக் எல்லாம் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 315 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் அந்தப் பாரத்துக்கு அது 79 மி.மீ. அமுங்கும், அதாவது 7.9 செ.மீ. இப்போது 5-ஐ அந்த 7.9-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள், 1.8 வரும். நொடிக்கு இத்தனை முறை கார் மேலும் கீழும் ஆடப் பார்க்கும் என்பதுதான் அது, ஹெர்ட்ஸ் கணக்கு. 6 கிலோவுக்கு 2.2, 10 கிலோவுக்கு 2.8. கம்பெனியிலிருந்து வரும் சாதாரணக் கார் 1 முதல் 1.5-க்குள் இருக்கும், தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார் 1.6-இல் இருந்து 1.9 வரை போகலாம், 2-ஐத் தாண்டினால் ட்ராக்குக்கு நல்லது, கப்பலூர் தாண்டி வருவதற்குள் முதுகு சொல்லிவிடும். 2.8 எல்லாம் ரேஸ் டயரும் வழவழப்பான ட்ராக்கும் கேட்கிற நம்பர். சாதா டயரோடு நம்ம ஊர் ஒட்டுப்போட்ட தாரில் அதைப் போட்டால் சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும், பிடிமானம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

போலோவில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் பின் நம்பரை முன் நம்பரோடு நேராக ஒப்பிட முடியாது. ஹெர்ட்ஸில் பாருங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறும், பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறும், பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டும் சீக்கிரம் ஒன்றாக அடங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது, இன்றைக்கும் மாறவில்லை. நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள், இணைப்பு வரும்போதெல்லாம் கார் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடினால் பின் ஸ்பிரிங் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

மஸ்டாங் ஜிடி. 50 மி.மீ. இறக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார்கள். கே.கே. நகரில் வீடு.

வேண்டாம், 15 முதல் 20 மி.மீ.யோடு நிறுத்துங்கள். அடியில் இடிக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், நம்ம தெருக்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை உள்ளே இருக்கிறது. காரை இறக்க இறக்க ஷாக் கம்பி உள்ளே போக மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. அது தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல் கார் உட்காரும், அந்த நொடியிலிருந்து நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. வளைவுக்கு நடுவில் இது நடந்தால் அந்த முனை திடீரென்று விறைத்து டயர் வழுக்கும். முன்பக்கம் ஸ்ட்ரட் (சக்கரத்தை நேராகத் தாங்கும் ஷாக்) என்பதால் இன்னொன்றும் உண்டு: ரொம்ப இறக்கினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும், கார் தாழ்ந்தும் வளைவில் முன்பைவிட அதிகம் சாயும்.

மாட்டிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். ஷாக்கின் பளபளப்பான கம்பியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, வாலை வெட்டிவிட்டு, கீழே ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். வழக்கமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கம்பி எவ்வளவு உள்ளே போனதோ அந்த உயரத்தில் டை நிற்கும். தினசரி ஓட்டத்திலேயே அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் காரைத் தூக்குங்கள்.

மேலூரில் ஒரு மெக்கானிக் ஸ்பிரிங்கை இறுக்கித் திருகிவிட்டு, இப்போது கடினமாகிவிட்டது என்றார். சரியா?

இல்லை. ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் 4 கிலோ ஸ்பிரிங் 4 கிலோதான். கார் உயரும், சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறையும், அதனால் பள்ளத்தில் விழும்போது படக்கென்று இழுக்கும். கீழ் பிராக்கெட்டைத் தனியாகத் திருகி உயரம் மாற்றும் வகையாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடவே தேவையில்லை.

தேனியில் இருந்து ஞாயிறுதோறும் போடிமெட்டு ஏறுவேன், பிஎம்டபிள்யூ இசட் 4. வளைவில் சாய்கிறது. இன்னும் கடின ஸ்பிரிங் போடலாமா?

சாய்வுக்கு முதல் மருந்து ஆன்டி ரோல் பார், இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. நேர் ரோட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது குறுக்கே வராது, சாயும்போது வேலை செய்யும். உங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் கார், முன்பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். பின்னால் தடிமனாகப் போட்டால் ஈரமான வளைவில் வால் வீசும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. பலர் அதை மாற்றும் குமிழின் கிளிக்கை முழுக்க இறுக்கி வைத்துவிட்டு கார் கெட்டியாக இருக்கிறது என்கிறார்கள். மலை ரோட்டில் அடுத்தடுத்து குழி வரும்போது, அமுங்கிய ஷாக் விரிவதற்குள் அடுத்த குழி வந்துவிடும், கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும். முழுக்கத் தளர்த்தி, ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில், இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மேடு தாண்டியதும் ஒரே தடவையில் அடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள், அப்புறம் வேண்டுமானால் ஒரு கிளிக் கூட்டிப் பார்க்கலாம்.

ஆறு மாதத்திலேயே டக் டக் என்று சத்தம், உயரம் மாற்றும் வளையமும் திரும்ப மாட்டேன் என்கிறது. ஊர் உசிலம்பட்டி.

சத்தம் பெரும்பாலும் மேலே இருக்கும் பில்லோ பால் மவுண்டில் இருந்து வரும். ரப்பர் இல்லாத இரும்புக் குண்டு அது, புழுதி புகுந்தால் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். தெருவில் ஓடும் காருக்கு ரப்பர் டாப் மவுண்ட் போதும், கேட்டு வாங்குங்கள். வளையம் இறுகியது செம்மண்ணும் மழைத் தண்ணீரும் சேர்ந்து மரையில் கட்டிக்கொண்டதால். சுத்தியலால் தட்டாதீர்கள், அலுமினிய வளையம் விரிசல் விடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டு, நைலான் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை கழுவி மெல்லிய கிரீஸ் பூசினால் இந்தத் தொல்லை வராது.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

மாட்டிய அன்றே அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், போதுமா?

போதாது. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கி உட்காரும், உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) மாறும். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஒரு ஆளை உட்காரவைத்து இன்னொரு முறை பாருங்கள், வளையங்கள் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.