உடுப்பு ஏற்றுமதிக் கோட்டாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து தையல் மெஷின் வைத்து, சிறுமிகளுக்கான பருத்திச் சட்டைகள் தைக்கிறேன். சென்னை தி.நகரில் கடை வைத்திருக்கும் சித்தப்பா 600 சட்டைகள் கேட்டிருக்கிறார். “இந்தியாவுக்கு உடுப்பு அனுப்பக் கோட்டா வேண்டும், இந்த வருடக் கோட்டா முடிந்துவிட்டது, ஒரு பெரிய கார்மண்ட் தொழிற்சாலையின் கோட்டாவில் போட்டுத் தருகிறேன், சட்டைக்கு 150 ரூபாய்” என்கிறார் ஒரு தரகர். ஒன்றும் எழுதாத என் லெட்டர்ஹெட் தாள் இரண்டில் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்விட்டார். காசைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. 600 சட்டைக்கு 90,000 ரூபாய். அதற்கு ஈடாகச் சட்டப்படி அவர் உங்களுக்குத் தரக்கூடியது ஒன்றுமே இல்லை.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்க்கிறேன். கோட்டா, அதாவது ஒதுக்கிய அளவு, இல்லாவிட்டாலும் இந்தியாவுக்கு உடுப்பு அனுப்பலாம். வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில், வருடத்துக்கு 80 இலட்சம் உடுப்புகளுக்கு இந்தியா வரிச்சலுகை தருகிறது. அந்த எண்ணிக்கை சலுகைக்கான எல்லை. அதைத் தாண்டினால் சலுகைதான் போகும், வாசல் மூடாது. சலுகையின் எல்லையையும் தடையையும் ஒன்றாக்கிக் காட்டித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இவர்கள் சொல்வதை மக்கள் நம்புவதற்கும் காரணம் உண்டு. 1974 முதல் பல்லிழை உடன்படிக்கை என்ற ஏற்பாட்டின் கீழ் அமெரிக்காவும் ஐரோப்பாவும் நாட்டுக்கு நாடு தனி ஒப்பந்தம் போட்டு, இத்தனை டசின் சேர்ட், இத்தனை டசின் காற்சட்டை என்று எண்ணி வைத்திருந்தன. அப்போது கோட்டா இல்லாவிட்டால் சரக்கு உள்ளே போகவே முடியாது. கோட்டாவுக்காகவே ஹொங்கொங் முதலாளிகள் இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். 1990களில் அரசாங்கம் கிராமங்களுக்கு 200 கார்மண்ட் தொழிற்சாலைகளைக் கொண்டுபோனபோதும் கோட்டாவைக் காட்டித்தான் முதலாளிகளை இழுத்தார்கள். அந்தக் கோட்டா முறை 2004 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. அது முடிந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழைய கதையைச் சொல்லிப் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களிடம் காசு பிடுங்குகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம், “பெரிய கார்மண்ட்டின் கோட்டாவில் போடுவது” என்றால் என்ன? சலுகை பெற, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் வேண்டும்; அதை வர்த்தகத் திணைக்களம் வழங்கும். அதை வாங்க ஏற்றுமதியாளர் யார், எங்கே தைத்தது, துணி எங்கிருந்து வந்தது என்ற விபரமெல்லாம் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் நீங்கள் தைத்த சட்டையை வேறு தொழிற்சாலை தைத்ததாக எழுதினால் அது பொய்ப் பிரகடனம். மாட்டப்போவது தரகர் அல்ல, நீங்களும் உங்கள் சித்தப்பாவும்தான். 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் கரோட்டார் என்ற சுங்க விதிகள் இருக்கின்றன. சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. பொருள் எப்படி, எதைக்கொண்டு செய்யப்பட்டது என்ற விபரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்கவும் வேண்டும். சென்னைச் சுங்கம் ஒரு கேள்வி கேட்டால் சித்தப்பாவிடம் பதில் இருக்குமா?

சரி, முறையாகச் சலுகை எடுக்க உங்களால் முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். அது உங்கள் துணியைப் பொறுத்தது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பொது விதிப்படி, ஏற்றுமதி விலையில் வெளிநாட்டுப் பொருளின் பங்கு 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 35 சதவீதமாவது இங்கே சேர்ந்த பெறுமதியாக இருக்க வேண்டும். உங்கள் சட்டையின் ஏற்றுமதி விலை 2,800 ரூபாய் என்று வைப்போம். வெளிநாட்டுத் துணி 1,400, சீன லேஸ், சிப், பொத்தான் 500. இரண்டும் சேர்ந்து 1,900. மிச்சம் 900, அது 32 சதவீதம்தான். 35க்குக் கீழே விழுந்துவிட்டது. ஆனால் அந்தத் துணி இந்தியத் துணி என்றால் கணக்கு மாறும். இந்தியப் பொருள் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, இங்கே சேர்ந்த பெறுமதி 25 சதவீதமாவது இருந்து, இரண்டும் கூட்டி 35 வந்தால் போதும். உங்களுக்கு இங்கே 32, இந்தியத் துணி 50. தாராளமாகப் போதும்.

இந்தியத் துணிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. தொடக்கத்தில் 80 இலட்சத்தில் 60 இலட்சம் உடுப்புகள் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று போட்டார்கள். பின்னர் அது தளர்ந்து, 30 இலட்சத்துக்குத் துணி நிபந்தனை இல்லாமலே வரி நீங்கியது. இந்தியத் துணி உங்கள் கையில் இருந்தால் நிபந்தனை உள்ள பங்கிலும் இல்லாத பங்கிலும் போகலாம்.

சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். கெய்சர் வீதிக் கடையில் “பருத்தி, 40 யார்” என்று எழுதித் தரும் பில் எதையும் நிரூபிக்காது. துணி ஓரத்தில் அச்சடித்திருக்கும் ‘மேட் இன் இந்தியா’வும் நிரூபிக்காது. அந்த ரோல் இந்தியாவிலிருந்து இறங்கியதற்கான கஸ்டெக் (சுங்கப் பிரகடனப் பத்திரம்) பிரதியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தயங்குவார். விலையை மறைத்துவிட்டு, நாடு, அளவு, திகதி தெரியும்படி தரச் சொல்லி, அது போதுமா என்று திணைக்களத்தில் கேளுங்கள். தரவே மாட்டேன் என்றால் துணியை வேறு கடையில் வாங்குங்கள். வெட்டித் தைத்த பிறகு இதைத் தேடி அலைந்து பயனில்லை.

பிரதி கிடைத்ததும் செலவுக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கும் வர்த்தகத் திணைக்களத்துக்கு நீங்களே போங்கள். இந்த வருடம் இன்னும் எவ்வளவு மிச்சம், உங்கள் சட்டை எந்த வகையில் சேரும் என்று வாயால் கேளுங்கள். முடிந்ததா இல்லையா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும், தரகர் அல்ல. இந்த எண்ணிக்கையைத் தினமும் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது. 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கு 80 இலட்சம் உடுப்பு, அதாவது 175 பேருக்கு ஒன்று. அந்தச் சிறிய பங்குக்கும் சிறு தையல்காரர் ஒருவர் பெரிய கார்மண்ட்டுக்குச் சமமாக ஃபைல் சுமக்க வேண்டியிருக்கிறது. ஐந்து மெஷின்காரருக்கு எளிமையான ஒரு வழி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சித்தப்பாவிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். சலுகை அடிப்படைச் சுங்க வரிக்கு மட்டும்தான். இறக்குமதிக்கு இந்தியா வாங்கும் பொருள்-சேவை வரியான ஐ.ஜி.எஸ்.டி.யை எப்படியும் கட்ட வேண்டும். சலுகை கிடைக்காமல் போனால் பெரும்பாலான உடுப்புகளுக்கு 20 சதவீத அடிப்படை வரியும், அந்த வரியின் மேல் 10 சதவீத மேல்வரியும் வரும். 1,000 இந்திய ரூபாய் சட்டைக்கு 220 ரூபாய். இந்த இரண்டு விலையையும் போட்டுப் பார்த்துவிட்டு ஓடரை உறுதிசெய்யச் சொல்லுங்கள். சூட்கேஸில் போட்டு ஆள்மூலம் கொண்டுபோகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் சலுகை கேட்கவே முடியாது.

இதையெல்லாம்விட அவசரம் அந்த இரண்டு தாள்கள். வெறும் லெட்டர்ஹெட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை உங்கள் பெயரில் யாருடைய சரக்கும் போகலாம். இன்றைக்கே தரகரிடம் திருப்பிக் கேளுங்கள். தந்தாலும் தராவிட்டாலும், இன்ன திகதிக்கு முன் கையெழுத்திட்ட எந்த வெற்றுத் தாளும் செல்லாது என்று வர்த்தகத் திணைக்களத்துக்கும் சுங்கத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.