அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் அயர்லாந்தில், லிமெரிக் நகரில் நர்ஸ். வயது 41. இந்த ஊரில் பிறந்த நாவலாசிரியர் கேட் ஓ'பிரையனை (1897–1974) என்னோடு வேலை பார்க்கும் பலருக்கே தெரியாது. ஒரு தோழி கொடுத்துத்தான் ‘த லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்’ படித்தேன். அதில் ஹெலன் என்ற இளம்பெண், தன் அப்பாவும் அவருடைய மாணவனும் காதலோடு தழுவியிருப்பதைப் பார்த்துவிடுகிறாள். யாரிடமும் சொல்லாமல் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுகிறாள்.

கல்லூரிக் காலத்தில் எங்கள் வீட்டு பீரோவில் எனக்கும் ஒரு கடிதம் கிடைத்தது. அப்பா தன் நண்பருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தது. அதிலிருந்து அப்பாவோடு என் பேச்சு “மாத்திரை போட்டீங்களா, கரண்ட் பில் கட்டியாச்சா” என்பதோடு சரி. அம்மா இப்போது இல்லை. அப்பா திருச்சியில் தனியாக இருக்கிறார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடட்டுமா? அம்மாவை நினைத்தால் கோபமும் வருகிறது.

– பெயர் வேண்டாம், லிமெரிக்

அன்புள்ள சகோதரி,

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அது அவருடைய ரகசியம். நீங்கள் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் மாட்டிக்கொண்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவின் பயம் இந்தியாவில் 2018இல்தான் நீங்கியது. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே அப்படிப்பட்ட சட்டம் போனது 1993இல்தான்.

1941இல் வந்த அந்த நாவலை, நீங்கள் சொல்லும் காட்சியில் உள்ள ஒரே ஒரு வாக்கியத்துக்காக அயர்லாந்தின் தணிக்கை வாரியம் தடை செய்தது. மடத்துப் பள்ளி, ஒரு குழந்தையின் வளர்ப்பு, நல்ல கவிதைகள் என்று மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து போயிற்று. 1980களில் விராகோ பதிப்பகம் மறுபடி அச்சிட்ட பிறகுதான் பால்புதுமையர் (தன்பாலினரை விரும்புவோர் போன்றவர்கள்) இலக்கியம் தேடுபவர்கள் கைக்கு கேட் ஓ'பிரையன் பரவலாக வந்தார். ஒரு கடிதத்தை வைத்து நீங்களும் அப்பாவை மொத்தமாகத் தடை செய்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஹெலனின் வெறுப்பு கரையப் பல வருடங்கள் ஆகின்றன. மடத் தலைவியாக, பதவியே வேண்டாம் என்றிருக்கும் நேரத்தில் அன்னா என்ற சிறுமி ஒரு பழைய கவிதையை ஒப்பிக்கிறாள். அதைக் கேட்டு அவள் மனம் இளகும் இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அம்மாவுக்காக வரும் கோபம் நியாயமானது, அடக்க வேண்டாம். அதில் எவ்வளவு அப்பா மறைத்ததற்கு, எவ்வளவு அவர் ஓர் ஆணை விரும்பியதற்கு என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். பிந்தையதற்கு அவரை மன்னிக்க எதுவும் இல்லை.

அடுத்த முறை போனில் மாத்திரைக்கு அப்புறம், “மாமா எப்படி இருக்கிறார்?” என்று அந்த நண்பரைப் பற்றிச் சாதாரணமாகக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடி கேட்கலாம்.