பட்டறை கரண்டு சந்தேகம்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கோயமுத்தூர் பக்கம் மில்லுல 24 வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பாத்தவன். பட்டறை, தறி, ஒர்க்‌ஷாப் கேள்வி மட்டும் கேளுங்க.

கேள்வி: சார், எம்சிபி போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகிடும்ல?

ஆகாது. எம்சிபிங்கிறது கரண்டு அளவு மீறினா தானா விழற சுவிட்ச். அது வயரைக் காப்பாத்த வெச்சது, ஆளை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியரை நிம்மதியா விடும், ஆனா ஆளைக் கொல்ல 16 ஆம்பியர் எல்லாம் வேணாம், ஆம்பியர்ல நூத்துல சில பங்கே போதும். ஆளுக்குன்னா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா இல்லைன்னா விழற சுவிட்ச். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, விழலைன்னா அன்னைக்கே மாத்துங்க.

கேள்வி: மழை வந்தா ஆர்சிசிபி விழுந்துட்டே இருக்கு, பைபாஸ் பண்ணிடலாமாண்ணா?

பண்ணாதீங்க தம்பி. எல்லா மிஷினையும் பிடுங்கிட்டு ஒண்ணொண்ணா சொருகுங்க, எது சொருகினா விழுதோ அதுலதான் லீக். எங்களுக்குப் பெரும்பாலும் ஹேண்ட் கிரைண்டர் கேபிள், பிடிக்குள்ள நுழையற இடத்துல மடங்கி மடங்கி உள்ள வெடிச்சிருக்கும்.

கேள்வி: எம்சிபி பெரிய சைஸா போட்டா ஷாக் சேஃப்டி கூடுமா?

மேல பாருங்க.

கேள்வி: மெயினை ஆஃப் பண்ணி டெஸ்டர் வெச்சேன், எரியலை. வேலை பாக்கலாமா?

டெஸ்டரை நம்பாதீங்க. அது எரியறதே உங்க உடம்பு வழியா தரைக்குப் போற துளி கரண்டுல. காஞ்ச பலகை மேல நின்னா கரண்டு இருந்தும் எரியாம போகலாம். மல்டிமீட்டரை முதல்ல கரண்டு ஓடுற லைன்ல வெச்சுப் பாருங்க, அப்புறம் நீங்க தொடப்போற இடம், திரும்ப ஓடுற லைன். மெயின்ல பூட்டு போட்டு சாவியை சொந்தப் பாக்கெட்ல வைங்க, டீ குடிக்கப் போனவன் வந்து ஆன் பண்ணுவான். பவர் ஃபேக்டர் பேனல்னா (கெப்பாசிட்டர் வெச்ச பேனல்) இதுவும் பத்தாது, ஆஃப் பண்ணியும் கெப்பாசிட்டர் உள்ள சார்ஜ் நிக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு மீட்டர்ல பாத்துட்டுத் தொடுங்க.

கேள்வி: எர்த்குழி தோண்ட இடமில்லை. லேத் (கடைசல் மிஷின்) பாடியை எர்த்துக்குப் பதிலா, கரண்டு திரும்பிப் போற நியூட்ரல்ல வயர் போட்டு லூப் பண்ணிட்டேன், 10 வருஷமா பிரச்சினையே இல்லை. ரெண்டும் டிரான்ஸ்பார்மர்ல ஒண்ணுதானேண்ணே?

அங்க ஒண்ணுதான், உங்க பட்டறைக்கு வந்து சேர்றப்ப இல்ல. நடுவுல நியூட்ரல் அறுந்துச்சுன்னு வைங்க, எரியற பல்பு வழியா பேஸ் வந்து உங்க நியூட்ரல் முழுக்க 230 வோல்ட் ஏறும், கூடவே லேத் பாடியும். பிளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியும், பாத்திருப்பீங்களே, அதேதான்.

— அப்ப ஆர்சிசிபி விழுமே?

நியூட்ரல் அறுந்து நீங்க தொட்டா விழலாம். ஆனா தினசரி லீக்குக்கு விழாது, லீக்கு ஆனது உங்க லூப் வழியா நியூட்ரல்லயே திரும்பிப் போயிடுது, ஆர்சிசிபிக்குப் போனதும் வந்ததும் சமமாத் தெரியும். நீங்களே அதோட கண்ணைக் கட்டி வெச்சிருக்கீங்க.

— எங்க வயர்மேன் அப்படித்தான் எல்லாருக்கும் போடறார்.

அவர் தொட்டு வேலை பாக்குற லேத் இல்லையே அது. முதல்ல எர்த் குழி போடுங்க, அதுல பாடியை இணைச்சுட்டு, அப்புறம் லூப்பைக் கழட்டுங்க.

கேள்வி: எம்சிபி இருந்தா...

இல்ல. ஆர்சிசிபி.

— அண்ணே, ஆர்வத்துல லூப்பை இப்பவே கழட்டிட்டேன். லேத்தைத் தொட்டா ஜிவ்வுன்னு இருக்கு.

எர்த் போட்டுட்டுத்தானே கழட்டச் சொன்னேன்! மெயினை இறக்குங்க, யாரையும் பக்கத்துல விடாதீங்க. லீக்கு ரொம்ப நாளா இருந்திருக்கு, இன்னைக்குத்தான் வெளிய தெரியுது. மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்து போட்டோ போடுங்க, லேத் இன்னைக்கு ஓட வேணாம்.