ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச்சை நம்பலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு வயது 68. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், ரத்த அழுத்தமும் உண்டு. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெங்களூருவில் இருக்கும் என் செல்போனுக்கு அளவு வந்துவிடுகிறது. வீட்டில் கேமராவும் பொருத்தலாமா?

பதில்: அந்த வாட்ச்சைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மலிவான சில வாட்ச்சுகளை வாழைப்பழத்தில் கட்டினால் அதற்கும் நாடித்துடிப்பு காட்டுகின்றன!

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும் குளுக்கோமீட்டரே நம்பகமானது. புளூடூத் உள்ளதாக வாங்கினால் அம்மாவின் செல்போன் வழியாக அளவு உங்களுக்கும் வரும். வசதியிருந்தால் மேல்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சார் வாங்கலாம். அது அளப்பது தோலுக்கடியில் இருக்கும் திரவத்திலுள்ள சர்க்கரையை; எனவே சர்க்கரை வேகமாக இறங்கும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். திரையில் எல்லாம் சரியாக இருக்க, அம்மா “படபடவென்று வருகிறது, வியர்க்கிறது” என்றால் அம்மாவை நம்புங்கள். விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108.

ரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் பட்டை சுற்றும் மெஷின் போதும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் பாருங்கள். சராசரி 135/85ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேமராவை அம்மாவிடம் கேட்காமல் வைக்காதீர்கள். வயதானவர்கள் வழுக்கி விழும் முக்கியமான இடம் குளியலறை. அங்கே கேமரா வைக்கவும் முடியாது, குளிக்கும்போது வாட்ச்சும் காலண்டர் ஆணியில்தான் தொங்கும். குளியலறைக் கதவில் சிறிய சென்சார் ஒன்று பொருத்தினால், காலை ஏழு மணி வரை கதவு திறக்காவிட்டால் செய்தி வரும்படி செய்யலாம். வைஃபை ரவுட்டரை இன்வர்ட்டரில் இணையுங்கள். கத்திரி வெயிலில் கரண்ட் போனால் செய்தியும் போய்விடும்.

செய்தி வந்தாலும் நீங்கள் வந்துசேர மணிக்கணக்காகும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். அம்மா இரவில் உள்தாழ்ப்பாள் போடுகிறாரா என்றும் கேளுங்கள். போட்டால் அந்தச் சாவியால் பயனில்லை. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக முதலில் அதை மாற்றுங்கள்.